மாணவர் உருவாக்கிய கேம் யாருக்குச் சொந்தம்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இறுதி ஆண்டு மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து உருவாக்கும் வீடியோ கேம் ஒன்று போட்டியில் பரிசு பெற்றதும், அடுத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டால், அவர்களில் பலர் சொந்தமாகக் கேம் உருவாக்கும் ஸ்டுடியோ தொடங்கப்போவதாகச் சொல்கிறார்கள். அந்த ஆர்வத்தை முழு மனத்தோடு வரவேற்கிறேன். ஆனால் மாணவர் குழுக்களுக்கு வழிகாட்டும் பணியில் இருப்பதால், அந்த முயற்சிகள் எங்கே தடைபட்டு நிற்கின்றன என்பதையும் அருகிலிருந்து பார்த்து வருகிறேன். திறமைக் குறைவாலும் பணமின்மையாலும் நின்றுபோவதைக் காட்டிலும், உருவாக்கிய கேம் யாருக்குச் சொந்தம் என்பதை உரிய காலத்தில் எழுதி வைக்காததால் நின்றுபோவதே அதிகம் என்பது என் கருத்து.

இத்துறையில் உள்ள எவரும் சொல்லும் உதாரணம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் டிஜிபென் கல்லூரி மாணவர்கள் 2005-இல் நார்பாகுலர் டிராப் என்ற கேமை உருவாக்கினார்கள். சுவரில் ஒரு வாயிலைத் திறந்து, அதன் வழியே வேறோர் இடத்தில் வெளிப்படுவதுதான் அதன் மையம். அதைக் கண்ட வால்வ் என்ற கேம் நிறுவனம் குழுவினரை மொத்தமாக வேலைக்கு எடுத்துக்கொண்டது. 2007-இல் அதே எண்ணத்தின் மீது போர்ட்டல் என்ற புகழ்பெற்ற கேம் வெளியானது. இதை அதிர்ஷ்டக் கதையாகச் சொல்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. அக்கல்லூரியில் மாணவர் படைப்புகளின் உரிமை கல்லூரிக்கே உரியது. எனவே அந்த இளைஞர்கள் பழைய பெயரையும் பழைய நிரலையும் விட்டுவிட்டு, தங்கள் அனுபவத்தையும் அந்த எண்ணத்தையும் மட்டுமே எடுத்துச் சென்று, எல்லாவற்றையும் புதிதாகக் கட்டினார்கள். பதிப்புரிமை என்பது எழுதிய நிரலையும் வரைந்த உருவங்களையும் அமைத்த இசையையும் காக்கிறதே தவிர, விளையாட்டின் அடிப்படை எண்ணத்தைக் காப்பதில்லை என்பதால்தான் அது சாத்தியமாயிற்று.

எல்லாக் கல்லூரிகளின் விதியும் இதுவே அன்று. சில கல்லூரிகள் மாணவருக்கே முழு உரிமையையும் விட்டுவிடுகின்றன. சில, கல்லூரியின் ஆய்வகத்தையோ நிதியையோ பயன்படுத்தியிருந்தால் பங்கு கோருகின்றன. வேறு சில, படைப்பைக் காட்சிப்படுத்தும் உரிமையை மட்டும் வைத்துக்கொள்கின்றன. சேர்க்கையின்போது கையெழுத்திட்ட படிவத்திலோ மாணவர் கையேட்டிலோ இது எழுதப்பட்டிருக்கும். அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு வேலையைத் தொடங்கிய குழுக்களை நான் மிக அரிதாகவே சந்தித்திருக்கிறேன்.

பயன்படுத்திய மென்பொருளின் உரிமமும் இத்துடன் சேர்ந்ததுதான். மாணவர்களுக்கு இலவசமாகத் தரப்படும் முப்பரிமாண மென்பொருள்கள் பலவற்றின் கல்விப் பதிப்பை வணிகத்திற்குப் பயன்படுத்தக் கூடாது. இணையத்தில் கிடைத்த எழுத்துருவும் ஒலிகளும் வணிகமல்லாத பயன்பாட்டிற்கென்று மட்டும் வழங்கப்பட்டவையாக இருக்கலாம். பாடத்திட்டத்திற்குள் இவற்றால் எந்தச் சிக்கலும் வராது. விலை வைத்து விற்கத் தொடங்கும் நாளில்தான் வரும். பிளெண்டர், கோடோ போன்ற, யாரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய திறந்த மூலக் கருவிகளில் தொடங்கியவர்களுக்கு அந்தக் கவலை பெருமளவு குறைவு.

இவை எல்லாவற்றையும் விடக் கடினமானது நண்பர்களுக்கிடையே பேச வேண்டியது. சிகாகோவின் டிபால் பல்கலைக்கழகத்தில் 2010-இல் ஆக்டோடாட் என்ற மாணவர் கேமை உருவாக்கியவர்கள் 18 பேர். பின்னர் யங் ஹார்சஸ் என்ற ஸ்டுடியோவாகத் தொடர்ந்தவர்கள் அவர்களில் ஒரு பகுதியினரே. அவர்கள் மாணவர் கேமை விற்பனைக்கு வைக்கவில்லை. அது இலவசமாகவே இருந்தது. 2011-இல் கிக்ஸ்டார்ட்டர் வழியே பொதுமக்களிடம் நிதி திரட்டி, அதன் தொடர்ச்சியைப் புதிய கேமாக உருவாக்கி, 2014 ஜனவரியில் வெளியிட்டார்கள். படிப்பு முடிந்ததும் ஒருவர் வேலைக்குப் போவார், ஒருவர் மேற்படிப்புக்குப் போவார், ஒருவருக்கு ஆர்வமே வடிந்துவிடும். அதில் யாருடைய குற்றமும் இல்லை. ஆனால் விலகிச் சென்றவர் எழுதிய நிரலின் உரிமை, வேறு விதமாக எழுதித் தரப்படாத வரை, அவரிடமே இருக்கும்.

நான் அறிந்த ஒரு குழுவில் இசையமைத்த மாணவர் வேறு வேலைக்குச் சென்றுவிட்டார். ஓராண்டு கழித்து வெளியீட்டாளர் ஒருவர் அந்தக் கேமை எடுத்துக்கொள்ள முன்வந்து, இசை உட்பட எல்லா உரிமைகளும் ஸ்டுடியோவிடம் இருப்பதற்கான ஆவணத்தைக் கேட்டபோது, காட்ட எதுவும் இல்லை. அந்த மாணவருக்கும் மனத்தில் கள்ளம் இல்லை. தன் உழைப்புக்கு என்ன பங்கு என்றுதான் கேட்டார். அந்தக் கேள்விக்கு அதற்கு முன் யாரும் விடை யோசித்திருக்கவில்லை. பேச்சு நீண்டுகொண்டே போக, வெளியீட்டாளர் பொறுமையிழந்து விலகிக்கொண்டார். நல்ல நட்பு ஒன்றும் அதோடு போயிற்று.

இதற்கு வழி இருக்கிறது. நிறுவனம் தொடங்கும் நாளில், ஒவ்வொருவரும் அதுவரை செய்ததன் உரிமையை நிறுவனத்திற்கு எழுதித் தர வேண்டும். பங்குகளை முதல் நாளே சமமாகப் பிரித்துக் கொடுத்துவிடாமல், தொடர்ந்து உழைக்கும் காலத்திற்கேற்பப் படிப்படியாகச் சேரும்படி வைக்க வேண்டும். புதிய நிறுவனங்கள் பலவும் இதை நான்கு ஆண்டுகளுக்குப் பரப்பி, முதல் ஆண்டு முடியும் முன் விலகுபவருக்குப் பங்கு இல்லை என்று வகுத்துக்கொள்கின்றன. நிறுவனத்தில் சேராத நண்பருக்கு ஒரு தொகையோ, விற்பனையில் ஒரு விழுக்காடோ, பெயர்ப் பட்டியலில் உரிய இடமோ தருவதாக எழுதிக்கொள்ளலாம். நண்பர்களிடம் போய் ஒப்பந்தம் கேட்பதா என்று மாணவர்கள் கூச்சப்படுகிறார்கள். நட்பு உறுதியாக இருக்கும்போது பேசினால் ஒரு மாலைப் பொழுதில் முடிந்துவிடும். பணம் கண்ணில் பட்ட பிறகு பேசினால் வழக்கறிஞர் இல்லாமல் முடியாது.

வெளியீட்டாளரிடம் கையெழுத்திடும்போதும் இதே கவனம் வேண்டும். சுவீடனின் லூலியோ தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர்கள் தொடங்கிய ஆரோஹெட் ஸ்டுடியோவின் மேஜிக்கா என்ற கேம் 2011-இல் பாரடாக்ஸ் நிறுவனத்தின் வெளியீடாக வந்து பெரும் வெற்றி பெற்றது. 2015-இல் வந்த மேஜிக்கா 2-ஐ உருவாக்கியதோ வேறொரு ஸ்டுடியோ. ஆரோஹெட் தன் வழியில் ஹெல்டைவர்ஸ் வரிசையை உருவாக்கி நிலைபெற்றது என்பது மகிழ்ச்சிக்குரியது. ஆனாலும் தன் முதல் கேமின் பெயர் அடுத்த பாகத்தில் யார் கையில் இருக்கும் என்பதை அறிந்துதான் ஒரு குழு கையெழுத்திட வேண்டும்.

செலவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கேம்களை இணையத்தில் விற்கும் ஸ்டீம் தளத்தில் ஒரு கேமைப் பதிவு செய்ய 100 டாலர் போதும். விற்பனையில் பொதுவாக 30 விழுக்காட்டைத் தளம் எடுத்துக்கொள்ளும். உண்மையான செலவு காலம்தான். தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் ஆய்வேட்டுப் பணியாகத் தொடங்கிய அவுட்டர் வைல்ட்ஸ் என்ற கேம், 2015-இல் சுயாதீன கேம்களுக்கான ஐஜிஎஃப் விழாவின் முதன்மைப் பரிசைப் பெற்ற பிறகும், முழுமையாக வெளிவர 2019 ஆயிற்று. அத்தனை ஆண்டுகள் ஒரு குழு கலையாமல் இருக்க வேண்டுமென்றால், யாருக்கு எது உரியது என்ற ஐயம் அவர்களுக்குள் இருக்கக் கூடாது.

கேம் வடிவமைப்பைப் பாடமாக நடத்தும் கல்லூரிகளுக்கு உங்கள் நாளிதழ் வழியே ஒரு வேண்டுகோள். மாணவர் படைப்பின் உரிமை பற்றிய விதியை ஒரே பக்கத்தில், மாணவர்களுக்குப் புரியும் மொழியில் எழுதி, இறுதி ஆண்டுப் பணி தொடங்கும் வாரத்திலேயே ஒவ்வொரு குழுவுக்கும் கொடுங்கள். அதோடு உறுப்பினர்கள் தங்களுக்குள் செய்துகொள்ள வேண்டிய ஒப்பந்தத்தின் மாதிரி ஒன்றையும் இணைத்து, அதை நிரப்பித் தருவதற்கும் மதிப்பெண் ஒதுக்குங்கள். மதிப்பெண் இருந்தால் மாணவர்கள் அதைக் கட்டாயம் செய்வார்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்