கொறங்காட்டு மேய்ச்சல் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்கள்தான் அதிகம் என்பதால் இதன் நகல் வீடு தேடி வரும்.

செயற்குழு முறைப்படி கூடியது. ஆடுகளுக்குத் துள்ளுமாரித் தடுப்பூசி முகாம் நடந்தது. சித்திரையில் கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்குச் சேர்ந்து போய்வந்தோம்.

அடுத்து, நம் கொறங்காடு, அதாவது கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல் மரமுமாக மேய்ச்சலுக்கென்றே விட்ட ஊர்ப் புறம்போக்கு. நன்கொடையாளர் ஒருவர் லாரி நிறைய மரக்கன்று தர வந்தார், செயலாளர் தடுத்துவிட்டார் என்று டீக்கடையில் பேசிக்கொள்கிறார்களாம். தடுத்தேன், உண்மைதான். 600 மில்லிமீட்டரை ஒட்டி மழை பெய்கிற சரளை மண் நம்முடையது. கொழுக்கட்டைப் புல்லுக்கு வெயில் வேண்டும். வெள்வேல் நிழல் சல்லடை மாதிரி, அடியில் புல் நிற்கும்; அதனால்தான் பெரியவர்கள் ஏக்கருக்குச் சில மரங்களோடு விட்டார்கள். நெருக்கி நட்டால் சில வருடத்தில் தோப்பு இருக்கும், மேய்ச்சல் இருக்காது. புல் காய்ந்து கிடக்கும் மாதங்களில் வந்து பார்க்கிறவர்களுக்கு அது தரிசாகத்தான் தெரியும். மழை விழுந்த பிறகு வந்து தூரைப் பார்க்கட்டும்.

கன்றுக்குப் பதில், சீமைக் கருவேலத்தை எடுக்கும் வேலையைத் தொடங்கினோம். மேலே வெட்டினால் தூரிலிருந்து மறுபடி தழைக்கும் என்பதால் பொக்லைன் வைத்து வேரோடு பறித்தோம். ஆனால் அதன் காயைத் தின்ற ஆடுகளை அப்படியே உள்ளே ஓட்டிவிடுகிறார்கள். புழுக்கையில் விதை வந்து விழுகிறது. வெள்வேலும் அதே வழியில்தான் பரவுகிறது. ஆட்டுக்கு இரண்டும் ஒன்றுதான். காய் தின்ற ஆடுகளை இரண்டு மூன்று நாள் பட்டியிலேயே வைத்துத் தீவனம் போடுங்கள் என்று எத்தனை தடவைதான் சொல்வது!

புல்விதை முளைக்கவில்லை என்றும் புகார். அப்போதுதான் உருவிய விதையைக் கொண்டுபோய்த் தூவினால் எப்படி முளைக்கும்? ஆறேழு மாதம் உறக்கத்தில் இருக்கும் விதை அது. பழைய விதையை ஈர மணலில் பிசறித் தூவிய மேற்குப் பக்கம் நன்றாகவே வந்திருக்கிறது. அந்தப் பக்கத்தை ஒரு பருவம் அடைத்துவைப்பது என்று பொதுக்குழுவில்தான் தீர்மானம் போட்டோம். கை தூக்கியவர்களில் சிலருடைய ஆடுகளே படலை நீக்கி உள்ளே போயின. பெயர் எழுதவில்லை, அவர்களுக்கே தெரியும்.

கணக்கு: சந்தா, நன்கொடை வரவுகளும் பொக்லைன் வாடகை முதலான செலவுகளும் பதிவேட்டில் உள்ளன. செலவு சற்றுக் கூடுதல். பொருளாளர் கைப்பணம் போட்டுச் சமாளித்தார். சரிபாதிக்கு மேல் சந்தா நிலுவை. அதில் வட்டிக்கு விடுகிறவர்களும் உண்டு.

தலைவருக்கும், கால்நடை மருத்துவருக்கும், டிராக்டர் தந்தவருக்கும், கூட்டத்துக்குக் காப்பி கொடுத்த வீட்டாருக்கும் நன்றி.

வரும் ஆண்டு கிழக்குப் பக்க வேலியை முள்கிளுவை நட்டு அடைக்க வேண்டும். கல்கால், கம்பி என்று போக நம்மிடம் பணம் இல்லை. வேலி கழிக்கிறவர்கள் போத்துகளை, அதாவது நடுவதற்கான கிளைத்துண்டுகளை, கொளுத்தாமல் எடுத்துவைத்தால் சங்க வண்டி வந்து ஏற்றிக்கொள்ளும். மழைக்கு முன் நட்டாக வேண்டும், ஆளும் வேண்டும். அப்புறம், செயலாளர் பொறுப்புக்கு இளையவர் யாரேனும் முன்வந்தால் பதிவேடுகளை இன்றைக்கே ஒப்படைக்கிறேன். நிலுவைப் பட்டியலும் அதோடு சேர்த்தே.

இப்படிக்கு,
செயலாளர்