ஆண்டறிக்கை: புரட்சிப் போர் ஓய்வூதியக் கோப்புகள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, சங்க உறுப்பினர்களே, வணக்கம்.

அமெரிக்க விடுதலைப் பிரகடனத்துக்கு 2026இல் 250 ஆண்டு நிறைவதையொட்டி, முன்னோர் புரட்சிப் போரில், அதாவது அமெரிக்க விடுதலைப் போரில், நின்றார்களா என்று கேட்டு வருவோர் பெருகிவிட்டனர். எனவே இவ்வாண்டுக் கூட்டங்களை, அவ்வீரர்களும் அவர்கள் கைம்பெண்களும் ஓய்வூதியம் கேட்டு அரசுக்கு அனுப்பிய மனுக்களின் கோப்புகளுக்கே ஒதுக்கினோம். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இக்கோப்புகள் ஏறத்தாழ 80,000. அவற்றைப் படமெடுத்த எம்804 நுண்படத் (மைக்ரோஃபிலிம்) தொகுதியில் 2,670 சுருள்கள், குடும்பப் பெயர் அகரவரிசையில். ஒரே எழுத்துக்கூட்டலை நம்பித் தேடாதீர்கள். எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதினார். கையெழுத்துக்குப் பதில் எக்ஸ் குறி இட்ட கிழவருக்கு அதைத் திருத்த வழியில்லை.

கோப்பு உறைமேல் உள்ள எழுத்து எஸ் என்றால் வீரரே பெற்றது, டபிள்யூ என்றால் கைம்பெண், ஆர் என்றால் நிராகரிப்பு. ஆர் கண்டதும் "அவர் போருக்கே போகவில்லை" என்று கோப்பை மூடுவதுதான் நாம் அதிகம் திருத்திய பிழை. 1832 ஓய்வூதியச் சட்டம் குறைந்தது ஆறு மாதச் சேவை கேட்டது. ஐந்து மாதம் துப்பாக்கி சுமந்தவருக்கும் ஆர்தான். நிராகரித்த கோப்பில் வாக்குமூலங்கள் தடிமனாகவே இருக்கும், ஏனென்றால் மனுதாரர் திரும்பத் திரும்பச் சாட்சி தேடியிருப்பார்.

1818 சட்டம் கான்டினென்டல் படையினருக்கு, அதாவது குடியேற்றங்களின் பொதுப் படையில் இருந்தவர்களுக்கு, மட்டும். ஊர்ப்படைக்கு இல்லை, வறுமையும் வேண்டும். 1820இல் சொத்துப் பட்டியல் கட்டாயமானது. பசு, நாற்காலி, இரும்புச் சட்டி வரை விலை போட்டு, வீட்டிலிருந்தோர் பெயரையும் வயதையும் பல வேளை சேர்த்தே எழுதியிருக்கிறார்கள். வம்சாவளி தேடுவோருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்!

கைம்பெண் கோப்புகளைத் தவறவிடாதீர்கள். 1836 சட்டப்படி கணவரின் கடைசிச் சேவை முடியுமுன் மணமாகியிருக்க வேண்டும். 1838இல் அந்த வரம்பு 1794 தொடக்கத்துக்குத் தளர்ந்தது. திருமணத்தை நிரூபிக்கக் குடும்ப பைபிளிலிருந்தே தாளைக் கிழித்து அனுப்பினார்கள். ஓரம் பிசிறிய அந்தத் தாளில் பிள்ளைகளின் பிறந்த நாள்களும் வரிசையாக இருக்கும்.

இதே கோப்புகளின் இன்னொரு நுண்படத் தொகுதியான எம்805இல் தேர்ந்தெடுத்த பக்கங்களே உண்டு. அதோடு நிறுத்தினால் சாட்சியங்கள் பல கிடைக்காமல் போகும். கோப்புக்குள் இருக்கும் இருபதாம் நூற்றாண்டுத் தட்டச்சுக் கடிதம் அலுவலகச் சுருக்கம் மட்டுமே, மூலத்தோடு ஒப்பிடுங்கள்.

பெயர் பொருந்தினால் ஆள் பொருந்தியதாகாது. ஜூனியர், சீனியர் என்பது தந்தை மகன் உறவு என்றும் கொள்ள வேண்டாம். ஒரே ஊரில் அதே பெயரில் இருவர் இருந்தாலும் அப்படி எழுதினார்கள். 1832 வாக்குமூலத்தில் பிறந்த ஊர், படையில் சேர்ந்தபோது குடியிருந்த ஊர், பின் குடிபெயர்ந்த ஊர்கள், அதிகாரிகள் பெயர் எல்லாம் கேட்டிருக்கிறார்கள். அந்த ஊர் வரிசையை நிலப் பத்திரத்தோடும் மக்கள்தொகைக் கணக்கோடும் வைத்துப் பாருங்கள்.

1800 நவம்பர் 8ஆம் தேதி போர்த்துறை அலுவலகம் எரிந்ததால் அதற்கு முந்தைய மனுக்கள் அழிந்தன. அவ்வீரர்களுக்கு மாநில ஆவணங்களையே நாட வேண்டும். வர்ஜீனியா, பென்சில்வேனியா போன்றவை தனியே ஓய்வூதியம் கொடுத்தன.

வரும் ஆண்டு கருவூலத்தின் கடைசிக் கொடுப்பனவுச் சீட்டுகளை, அதாவது கடைசி ஓய்வூதியத் தொகை கொடுத்ததற்கான சீட்டுகளை, எடுக்கிறோம். வீரர் இறந்த தேதி பெரும்பாலும் அவற்றில்தான் கிடைக்கிறது.

செயலாளர்