போதும் என்று சொல்லத் தெரியாத நொதி

அன்புள்ள தம்பிக்கு,

நீ பெர்த்திலிருந்து அனுப்பிய ரத்தப் பரிசோதனை அறிக்கையை நேற்றிரவே படித்துவிட்டேன். விடிந்ததும் மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஏஎல்டி 68. கடந்த இரண்டு மூன்று மாத ரத்தச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 6.1. இரண்டுமே கூடுதல்தான். ஸ்கேனில் கல்லீரல் கொழுப்பு. "மதுவைத் தொட்டதே இல்லையே அப்பா, எனக்கு எப்படி?" என்று கேட்டிருந்தாய்.

ஏஎல்டி கல்லீரல் செல்லுக்குள் இருக்க வேண்டிய நொதி. செல் நைந்தால் ரத்தத்தில் கசியும். உள்ளே ஏதோ நடக்கிறது என்று அது தெரிவிக்கிறது, அவ்வளவுதான். கொழுப்பு படிந்தும் ஏஎல்டி சரியாக இருப்பவர்கள் உண்டு. நான் சொல்ல வந்தது வேறொரு நொதியைப் பற்றி: ஃபிரக்டோகைனேஸ்.

நாம் தேநீரில் போடும் சீனி பாதி குளுக்கோஸ், பாதி ஃபிரக்டோஸ். குளுக்கோஸை உடம்பு முழுவதும் பங்கிட்டுக்கொள்ளும். கல்லீரலில் அது போகும் வழியில் ஒரு காவல் நொதியும் உண்டு. ஆற்றல் நிறைந்துவிட்டால் வேகத்தைக் குறைத்துவிடும். ஃபிரக்டோஸோ ஃபிரக்டோகைனேஸின் கையில் சிக்கி அந்தக் காவலைத் தாண்டிவிடுகிறது. இந்த நொதிக்குப் போதும் என்று நிறுத்தத் தெரியாது. வந்து குவிவதில் ஒரு பங்கு கொழுப்பாகிறது. கொழுப்பேறிய கல்லீரல் இன்சுலின் சொல்வதைக் கேட்காமல் ராத்திரியெல்லாம் சர்க்கரையைத் தயாரித்து ரத்தத்தில் விடும். கணையம் இன்னும் இன்சுலினைச் சுரக்கும். அந்த இன்சுலினோ மேலும் கொழுப்பை உண்டாக்கச் சொல்லும். உன் அறிக்கையின் இரண்டு பிரச்சினைகளும் இப்படித்தான் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

இந்த நொதி இல்லாமலே பிறப்பவர்கள் மிகச் சிலர் இருக்கிறார்கள். ஃபிரக்டோஸில் ஒரு பங்கு அவர்கள் சிறுநீரோடு போய்விடுகிறது, நலமாகவே வாழ்கிறார்கள். ஆய்வகத்தில் இரவுப் பணியில் இதை முதலில் படித்தபோது வியந்துபோனேன்.

அதே ஆய்வகத்தில் ரத்த மாதிரி உள்ள சோதனைக் குழாய்களைச் சுழற்றி எடுக்கும்போது, மேலே வெளிர் மஞ்சளாகத் தெளிந்து நிற்க வேண்டிய நீர் சிலருக்குப் பால் போல வெளுத்திருக்கும். ட்ரைகிளிசரைடு கொழுப்பு. அதைப் பார்த்துவிட்டு வீடு திரும்பிய நானே, பள்ளி விட்டு வந்த உன்னை நம் அடுக்குமாடி புளோக்கின் கீழே உள்ள காப்பிக் கடையில் உட்கார வைத்து, ரோஜாப் பாகும் பாலும் கலந்த பண்டோங் வாங்கிக் கொடுத்தேன். அடியில் தங்கிய இளஞ்சிவப்புப் பாகை நீ கரண்டியால் வழித்துச் சாப்பிடுவாய். அது இப்போது நெஞ்சை உறுத்துகிறது.

சிங்கப்பூர் 2016இல் நீரிழிவின் மீது போர் அறிவித்தது. 2022 இறுதியிலிருந்து இங்கே புட்டிப் பானங்களுக்கு ஏ முதல் டி வரை தரம் போடுகிறார்கள். 100 மில்லிலிட்டரில் 10 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் டி. அங்கே நீ வாங்கும் புட்டியின் பின்பக்கத்தை இந்தக் கணக்கோடு படி. முழுப் பழத்துக்கு அஞ்சாதே. அதில் ஃபிரக்டோஸ் நாரோடு கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது. பழச்சாறு வேண்டாம்.

ஒல்லிதானே என்று இருந்துவிடாதே. நம் ஆசிய உடம்புக்கு, உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் பிஎம்ஐ 23லேயே ஆபத்து தொடங்குகிறது. 74 கிலோவில் ஐந்தாறு கிலோ குறைந்தாலே கல்லீரல் கொழுப்பு நன்றாக இறங்கும். கல்லீரலில் தழும்பு விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டுமா என மருத்துவரிடம் கேள்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. நீயே சொல்வதுதான் முறை. ஞாயிறு மாலை வீட்டில்தான் இருப்போம்.

அன்புடன்,
அப்பா