நிருபர் அல்ல, சரிபார்ப்பவர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போதையும் பத்திரிகை உலகமும் பற்றிக் கடந்த ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைச் சிவப்புப் பேனாவும் கையுமாகப் படித்தேன். ஒரு நாளிதழில் 31 ஆண்டுகள் மெய்ப்புப் பார்த்தவனுக்கு வேறு மாதிரி படிக்க வராது.

அமெரிக்க எழுத்தாளர் ஜே மக்கினர்னியின் ‘பிரைட் லைட்ஸ், பிக் சிட்டி’ நாவல் 1988-ல் வந்ததாகப் போட்டிருக்கிறீர்கள். அது திரைப்படம் வந்த ஆண்டு, நாவல் 1984. போகட்டும். கதாநாயகனை ‘நியூயார்க் நிருபர்’ என்று எழுதியதைத்தான் விட மனமில்லை.

அவன் நிருபர் இல்லை. ஒரு பத்திரிகையில் அடுத்தவர் கட்டுரையில் உள்ள பெயர், தேதி, ஊர் எல்லாம் சரிதானா என்று தொலைபேசியிலும் அகராதியிலும் தேடிப் பார்ப்பவன். கதை எழுதிப் பெயர் வாங்குவது ஆசை, அடுத்தவர் வரிக்கு டிக் போடுவது பிழைப்பு. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் கொகேய்ன் நுழைகிறது. நிருபர் என்று போட்டுவிட்டால் நாவலின் கேலியே செத்துப்போகிறது. ஊரார் சொல்வது உண்மையா என்று பார்க்கச் சம்பளம் வாங்குகிறவன், மனைவி தன்னை விட்டுப் போனதை அலுவலகத்தில் மூச்சுவிடவில்லை. பிரெஞ்சு சரளமாக வரும் என்று புளுகி வேலையில் சேர்ந்தவன் மேசைக்கே பிரெஞ்சுத் தேர்தல் பற்றிய கட்டுரை வந்து விழுகிறது. பிழையோடு அது அச்சுக்குப் போகிறது, வேலையும் போகிறது. மக்கினர்னியே ‘நியூயார்க்கர்’ இதழில் இதே வேலை பார்த்து, அதை இழந்தவர்தான்.

போதையை இப்படி வேடிக்கையாக எழுதலாமா என்று கட்டுரையாளர் வருந்துகிறார். வேடிக்கை யாருக்கு? நண்பன் டாட் அவனை ஒரு கிளப்பிலிருந்து அடுத்த கிளப்புக்கு இழுத்துக்கொண்டே அலைகிறான். இதைவிட நல்ல விருந்து அங்கே நடக்கிறதாம். அந்த விருந்தை நாவல் முழுக்க ஒருவரும் கண்ணால் பார்ப்பதில்லை.

தாய் புற்றுநோயில் இறந்து ஒரு வருடம் ஆகியும் அவன் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை என்பது நமக்குக் கடைசியில்தான் தெரியவருகிறது. அந்தப் பக்கங்களை நான் இரண்டு முறை படித்தேன். 1993-ல் என் தகப்பனாருக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே இரவு ஷிப்டுக்குப் போனேன். யாரிடமும் எதுவும் பேசவில்லை. மணிவிழா வாழ்த்து விளம்பரத்தின் படம் நினைவஞ்சலிக் கட்டத்துக்குள் உட்கார்ந்திருந்ததைக் கண் பார்த்தது. கை கையெழுத்துப் போட்டது. மறுநாள் பத்து மணிக்கு அந்தப் பெரியவரே மணிவிழாச் சந்தனம் கலையாமல் படியேறி வந்தார். “இன்னும் இருக்கிறேன், தம்பி” என்றார், அவ்வளவுதான். அன்று எனக்கு எட்டியது டீயும் மூக்குப்பொடியும். மான்ஹாட்டன் கிளப் கழிவறை எட்டியிருந்தால் எதை உறிஞ்சியிருப்பேனோ.

இன்னொன்று. நாவல் முழுவதும் நாயகனை ‘யூ’ என்று அழைக்கும் முன்னிலையில் நடக்கிறது. கட்டுரையாளர் அதை ‘நீங்கள்’ என்று தமிழாக்கியிருக்கிறார். காலை ஆறு மணிக்கு, மூக்கு எரிய, பையில் காசில்லாமல் தெருவில் நிற்பவன் தன்னையே ‘நீங்கள்’ என்றா கூப்பிடுவான்? ‘நீ’தான். கடைசியில் தன் கறுப்புக் கண்ணாடியைக் கொடுத்து ரொட்டி வாங்கித் தின்கிறானே, அவனுக்கு மரியாதைப் பன்மை ஒட்டாது.

ஆண்டு, தொழில் இரண்டுக்கும் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். அதே பக்கத்தில் கொகேய்ன், கோகைன், கொக்கைன் என்று மூன்று விதமாக வந்திருக்கிறது. எதையாவது ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

— ஓய்வுபெற்ற மெய்ப்புத் திருத்துநர்,
மதுரை