மே தினம்: ஜவுளிக்கடை ஊழியர்கள் கவனத்துக்கு

தோழர்களே, வணக்கம்.

மே 1 வெள்ளி காலை 7 மணிக்கு மெரினா உழைப்பாளர் சிலை அருகே கூடுகிறோம். 1923-ல் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடியது இதே திருவல்லிக்கேணி கடற்கரையில்தான்.

1. அன்று சம்பளத்தோடு விடுமுறை, சட்டப்படி. யாரும் லீவு எழுதிக் கொடுக்க வேண்டாம்.

2. உட்கார இருக்கை தரவேண்டும் என்று 2021-லேயே சட்டம் திருத்தியாச்சு. எங்கள் சேலைப் பிரிவில் இருப்பது ஒரே ஸ்டூல். அதன்மேலும் எப்போதும் அட்டைப்பெட்டி. உங்கள் தளத்தில் எத்தனை என்று எண்ணி எழுதி வாருங்கள். போட்டோ எடுத்து மாட்டிக்கொள்ளாதீர்கள்.

3. சந்தா பாக்கியை அன்றே பொருளாளரிடம் கட்டலாம்.

4. தொப்பி, தண்ணீர் அவசியம்.

வருபவர்கள் புதன் இரவுக்குள் பெயரும் தளமும் பதிவிடுங்கள். வெறும் கைகூப்பு எமோஜி கணக்கில் வராது!