முன் பிரேக் ஷூவின் கனம்

அன்புள்ள மகனுக்கு,

நீ அனுப்பிய மூன்று படங்களும் வந்து சேர்ந்தன. பேச நேரமில்லை என்று எழுதியிருந்தாய். இதைவிட வேலை மிகுந்த நாட்களிலும் வண்டியைப் பற்றிச் சொல்ல மட்டும் உனக்கு நேரம் கிடைத்துக்கொண்டிருந்தது என்பதை நினைவூட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறேன். படங்களை உன் அம்மாவும் பார்த்தாள். பெரிதாக்கிப் பார்த்தது நான் மட்டுமே.

வேலையைக் குறை சொல்ல வழியில்லை. 39 மில்லிமீட்டர் போரை, அதாவது சிலிண்டரின் உள்விட்டத்தை, 52 ஆக்கி, பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமான 41.4 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக்கை அப்படியே வைத்துக்கொண்டு, 49 சிசி மங்கியை, ஹோண்டாவின் அந்தக் குட்டி மோட்டார் சைக்கிளை, 88 சிசிக்குக் கொண்டுவந்திருக்கிறாய். சிலிண்டர் உட்காருவதற்காக எஞ்சினின் அடிக்கூடான கிராங்க் கேஸின் வாயைக் கடைந்த இடத்தில் ஒரு பிசிறுகூட இல்லை. என் கையால் இத்தனை சுத்தமாக வந்திருக்குமா என்பது சந்தேகம்தான். பிஸ்டனை இடது கையில் பிடித்துப் படம் எடுத்திருக்கிறாய். வெளிச்சம் அந்தப் பக்கமிருந்து வந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டேன்.

எஞ்சினைப் பற்றி உனக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்கிறேன். போர் பெரிதானதும், கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் பழைய மெயின் ஜெட் போதாது. பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்தால் வண்டி சில நிமிடங்கள் அற்புதமாக ஓடுவதுபோல் தோன்றும், பிறகு சூடேறிப் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். ஓட்டத்தில் அப்படிப் பிடித்தால் பின்சக்கரம் பூட்டிக்கொள்வதற்குள் கிளட்சை விலக்கிவிட, மூன்று கியரும் தானியங்கிக் கிளட்சும் கொண்ட வண்டியில் இடது கைக்குக் கிளட்ச் லீவரே கிடையாது. ஆகவே முழு ஆக்ஸிலரேட்டரில் ஓட்டி நிறுத்தி ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார். முனை இளம்பழுப்பாக இருந்தால் சரி, வெளுத்திருந்தால் ஜெட்டை மாற்றும்வரை வண்டியை எடுக்காதே. செயின் ஓடும் முன் பல்சக்கரத்தில், அந்த ஸ்ப்ராக்கெட்டில், ஒரு பல் கூட்டியதாக எழுதியிருந்தாய். அது பின்னால் இரண்டு மூன்று பல் குறைப்பதற்குச் சமம் என்பதால், சமதளத்தில் எஞ்சினின் அலறல் அடங்கி வேகம் கூடும், ஏற்றத்தில் மட்டும் கியரை இறக்க வேண்டியிருக்கும். இவையெல்லாம் போகிற வழியைப் பற்றியவை. நிற்கிற வழியைப் பற்றி உன் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.

அந்த வண்டி எதற்காகப் பிறந்தது என்பதை மறந்துவிடாதே. 1961இல் ஜப்பானில் டாமா டெக் என்ற பொழுதுபோக்குப் பூங்காவில், வந்தவர்கள் ஓட்டி விளையாடுவதற்காக, 5 அங்குலச் சக்கரங்களோடு ஹோண்டா செய்துவைத்த வண்டியின் வாரிசு அது. சாலைக்கு வந்து, 8 அங்குலச் சக்கரம் பெற்ற பின்னரும், 50 சிசி வண்டிக்கு அந்த நாட்டில் வைத்த வேக வரம்பு மணிக்கு 30 கிலோமீட்டர்தான். ஐரோப்பிய நாடுகளில் அந்த வகை வண்டி 45ஐத் தாண்டாதபடி செய்யப்பட வேண்டும் என்பது விதி. நீ 80ஐத் தொட்டதாகப் பெருமையோடு எழுதியிருக்கிறாய். நிறுத்துவதற்குத் தீர்க்க வேண்டிய ஆற்றல், 45இல் இருப்பதைப்போல் 80இல் மூன்று மடங்குக்கும் மேல். அத்தனையையும் வெப்பமாக மாற்றித் தீர்க்க வேண்டியவை, ஒரு கம்பி இழுக்கிற அந்தச் சிறிய டிரம்முக்குள் அதன் உட்சுவரில் உராய்ந்து பிடிக்கும் இரண்டு ஷூக்கள். 80இல் ஒரு வினாடிக்கு 22 மீட்டர் போகிறாய். நீ ஆபத்தைக் கண்டு விரலை மடக்குவதற்குள் அந்த 22 மீட்டர் போய்விடும். அதன் பிறகு, நல்ல டயரும் நல்ல பிரேக்கும் காய்ந்த சாலையும் இருந்தாலும், நிற்க இன்னும் 35 மீட்டருக்குக் குறையாமல் வேண்டும்.

எனவே முதலில் முன் பிரேக்கைப் பார். டிஸ்க் பிரேக் வைத்த முன் ஃபோர்க்கை 10 அங்குலச் சக்கரத்தோடு சேர்த்து மாற்றிவிடுவதே நேரான வழி. குழியில் விழாமல் தாண்டவும், அதிர்வை அடக்கும் எண்ணெய் டேம்பர் இருப்பதால் குலுங்கியபின் சக்கரம் தரையை விட்டுத் துள்ளாமல் இருக்கவும் அது உதவும். அச்சுக்கும் அச்சுக்கும் இடையே 90 சென்டிமீட்டர் அளவே உள்ள வண்டியில் முன்னால் வலுவான பிரேக் வைத்தால் பின்சக்கரம் எளிதில் தூக்கிக்கொள்ளும் என்பதையும் கணக்கில் கொண்டு, பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மையும் சற்று நீளமானதாக சேர்த்தே யோசி. டயரின் பக்கவாட்டில் உள்ள எழுத்தைப் படி: ஜே (J) என்றால் மணிக்கு 100 கிலோமீட்டர் வரை, பி (B) என்றால் வெறும் 50 வரை. அந்த இரண்டு பாதியாகப் பிரியும் ரிம்மைக் கழற்றும்போது காற்றை முழுவதும் இறக்கிவிட்டுத்தான் போல்ட்டில் ஸ்பேனரை வைக்க வேண்டும் என்று உனக்குப் பத்து வயதிலேயே சொல்லியிருக்கிறேன். மடக்கும் ஹேண்டில் பாரின் திருகுகள் அதிர்வில் தளரும் என்பதையும் சொல்லியிருக்கிறேன். பதிவுப் புத்தகத்தில் 49 என்றும் எஞ்சினில் 88 என்றும் இருக்கும்வரை, ஏதாவது நேர்ந்தால் காப்பீடு கைகொடுக்காது என்பதை மட்டும் இப்போதுதான் சொல்கிறேன், அதையும் முறைப்படி மாற்றிவிடு.

மூன்றாவது படத்தில் முன் பிரேக் லீவரின் நுனியில் உருண்டை இல்லை. அதே பக்கக் கைப்பிடியின் முனை உராய்ந்து வெளுத்திருக்கிறது. வாங்கியபோதே அப்படித்தான் இருந்தது என்று நீ சொல்லக்கூடும், நானும் ஏற்றுக்கொண்டிருப்பேன். ஆனால் நீ முதன்முதலில் அனுப்பிய படத்தை நான் இன்னும் அழிக்கவில்லை.

நான் உன்னைக் கேள்வி கேட்பதற்காக இதை எழுதவில்லை. கேட்கிற தகுதி எனக்கு இருக்கிறதா என்பதையே மூன்று நாட்களாக யோசித்துக்கொண்டிருந்தேன். உன் அம்மாவின் கணுக்காலைப் பற்றி நம் வீட்டில் ஒரு கதை உண்டு. நீயும் அக்காவும் அதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறீர்கள், வந்தவர்களுக்கெல்லாம் நீங்களே சொல்லியும் இருக்கிறீர்கள்.

அன்று நாய் எதுவும் குறுக்கே வரவில்லை.

அப்போது என்னிடம் இருந்த சிறிய வண்டிக்கு நானும் போர் பெரிதாக்கியிருந்தேன். பிஸ்டனுக்கும் கார்புரேட்டருக்கும் கையிலிருந்ததெல்லாம் போய்விட்டதால், முன் பிரேக் ஷூவை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன். அன்று காலையில் லீவர் கைப்பிடி வரைக்கும் வந்து தொட்டது. கம்பியின் அட்ஜஸ்ட்மென்ட் நட்டை நானே முடுக்கினேன். மரை முடிந்து, அதற்குமேல் திருக இடமில்லாமல் நின்றது. அப்படி நின்றால் என்ன பொருள் என்று தெரியாதவன் அல்ல நான். தெரிந்தே உன் அம்மாவைப் பின்னால் உட்காரவைத்து, உன்னை அவள் மடியில் கொடுத்து, இறக்கத்தில் வண்டியை விட்டேன். முன்னால் போன வண்டி வழக்கம்போல்தான் வேகத்தைக் குறைத்தது. நான் பிடித்தபோது ஒரு கிறீச்சொலி வந்தது, வண்டி நிற்கவில்லை. இரண்டு நாள் கழித்து டிரம்மைத் திறந்து பார்த்தேன். ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் உராய்வுப் பட்டையான லைனிங் முழுவதும் தேய்ந்து, ஷூவின் அலுமினியமே டிரம்மைக் கீறி, உள்ளே வெள்ளி நிறத்தில் வட்டம் வட்டமாகக் கோடுகள் இருந்தன.

மருத்துவமனையில் கேட்டவர்களிடம் நாய் வந்தது என்று முதலில் சொன்னவள் உன் அம்மாதான். நான் மறுக்கவில்லை. அன்றிலிருந்து அந்த நாய் நம் வீட்டிலேயே வளர்ந்துவிட்டது. நாயைக் கண்டால் நீ இன்றுவரை சாலையின் மறுபக்கம் ஒதுங்கிப் போவதைப் பார்க்கும்போதெல்லாம், குற்றமில்லாத ஒரு பிராணியின்மேல் உனக்கு அந்த அச்சத்தை ஏற்றிவைத்தவன் நான்தான் என்று தோன்றும். தோன்றியும் இத்தனை ஆண்டுகள் வாய் திறக்கவில்லை. இதை உனக்கு எழுதுகிறேன் என்று உன் அம்மாவிடம் சொன்னேன். “இப்போதாவது எழுதுங்கள்” என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

வீட்டில் மற்றபடி எல்லோரும் நலம்.

ஒன்று மட்டும் செய். இந்த வாரமே முன் சக்கரத்தைக் கழற்றி, இரண்டு ஷூக்களின் லைனிங் கனத்தையும் வெர்னியர் அளவுகோலால் அளந்து எனக்கு அனுப்பு. 2 மில்லிமீட்டருக்குக் கீழே இறங்கியிருந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்று. டிரம்மின் உட்புறத்தில் வார்ப்பிலேயே பொறித்திருக்கும் அதிகபட்ச விட்டத்தையும் சரிபார். அளவை எழுதி அனுப்பினால் போதாது, படமாக வேண்டும். வெர்னியரை வலது கையில் பிடித்து எடு, மணிக்கட்டு முழுவதும் படத்தில் தெரியட்டும்.

அன்புடன்,
அப்பா