அடுக்குமாடிக் கதவுகளும் நகலெடுக்கக்கூடிய அட்டைகளும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் அட்டையைக் காட்டினால் திறக்கும் கதவும், ரிமோட்டை அழுத்தினால் விலகும் வாயிற்கதவும் இன்று சாதாரணமாகிவிட்டன. 'முழுப் பாதுகாப்பு' என்று சொல்லித்தான் இவற்றை விற்கிறார்கள். ஆனால் அட்டைக்கும் கதவுக்கும் இடையே வானலையில் என்ன பரிமாறப்படுகிறது என்று ஒரு வார்த்தை கேட்காமலேயே குடியிருப்போர் சங்கங்கள் விலைப்புள்ளியில் கையெழுத்திடுவது எனக்கு மிகுந்த கவலையளிக்கிறது.

மலிவாகக் கிடைக்கும் அட்டைகள் பெரும்பாலும் 125 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குபவை. அவற்றில் பேட்டரி கிடையாது. கதவருகே அட்டையைப் படிக்கும் ரீடர் கருவி உண்டாக்கும் காந்தப்புலத்திலிருந்தே மின்சாரம் பெற்று, தம்முள் பதிந்த ஒரே எண்ணை, எந்த மறைகுறியும் இல்லாமல், யார் கேட்டாலும் சொல்லிவிடும். சாவி போடும் கடைகளில் இப்போது இதற்கென்றே ஒரு கையடக்கக் கருவி இருக்கிறது. அட்டையை அதன் மேல் வைத்து ஒரு பொத்தான், எண் பதியாத வெற்று டேக்கை (சாவிக்கொத்தில் மாட்டும் சிறு வில்லையை) வைத்து இன்னொரு பொத்தான். ஒரு நிமிடத்துக்குள் நகல் தயார். இப்படி நகலெடுத்த டேக்குடன் ஒருவர் நுழைந்தால், கணினிப் பதிவில் அட்டைக்கு உரிய வீட்டுக்காரரின் பெயர்தான் ஏறும். பொருள் ஏதாவது காணாமல் போனால், பதிவு சரியாகத்தான் இருக்கும் என்று நம்பி, வீட்டு வேலைக்கு வரும் பெண்களையும் காவலாளியையும் முதலில் சந்தேகிக்கும் வழக்கம் நம்மிடம் இருப்பதால், இந்தக் குறையின் சுமை எளியவர்கள் மீதே விழுகிறது.

சற்று விலை கூடிய 13.56 மெகாஹெர்ட்ஸ் அட்டைகள் எல்லாமே பாதுகாப்பானவை என்றும் சொல்வதற்கில்லை. 1994இல் அறிமுகமான மைஃபேர் கிளாசிக் வகையின் 48 பிட் மறையாக்கத்தை நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008இல் உடைத்துக் காட்டினர். ஆய்வை வெளியிடத் தடை கோரித் தயாரிப்பு நிறுவனம் வழக்குத் தொடர்ந்தபோது, நீதிமன்றம் மறுத்துவிட்டது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அதே வகை அட்டை புதிய கட்டடங்களில் பொருத்தப்படுவதற்கு விலையைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

வாயிற்கதவு ரிமோட்டுகளில் பல 433 மெகாஹெர்ட்ஸில் ஒவ்வொரு முறையும் ஒரே குறியீட்டையே அனுப்புகின்றன. அதை ஒருமுறை பதிவுசெய்து திரும்ப ஒலிபரப்பினால் கதவு திறந்துவிடும். அழுத்துந்தோறும் குறியீடு மாறும் 'ரோலிங் கோட்' வகையில் இந்த எளிய வழி பலிக்காது. எந்த வகையானாலும், புதிய ரிமோட்டைச் சேர்ப்பதற்கான பொத்தான் ரிமோட்டின் சைகையை வாங்கும் ரிசீவர் பெட்டிக்குள் இருக்கும் என்பதால் அந்தப் பெட்டியைப் பூட்டி வைக்க வேண்டும். எங்கள் குடியிருப்பில் அது மாதக்கணக்கில் மூடியில்லாமல் கிடந்தது.

பாதுகாப்பை இறுக்கும்போது வெளியேறும் வழியை மறப்பது இன்னொரு ஆபத்து. மின்காந்தத்தால் கதவைப் பிடித்திருக்கும் காந்தப் பூட்டு, மின்சாரம் நின்றால் விட்டுவிடும் இயல்புடையது; பேட்டரி இணைப்பு கொடுத்து அதை விடாமல் பிடித்திருக்கச் செய்பவர்கள், தீ எச்சரிக்கை ஒலித்தவுடன் அந்த மின்சாரமும் துண்டிக்கப்படுமாறு இணைக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். வெளியேறும் கதவு உள்ளிருந்து சாவியின்றித் திறக்க வேண்டும் என்பது தேசியக் கட்டட விதித்தொகுப்பின் நிபந்தனை. படியிறங்கவே சிரமப்படும் முதியோர் இருக்கும் கட்டடங்களில் இதை எந்தச் சலுகைக்கும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

ஆகவே, கட்டுநர்கள் குடியிருப்பை ஒப்படைக்கும்போது எந்த வகை அட்டை, எந்த வகை ரிமோட் பொருத்தப்பட்டுள்ளது என்பதை எழுத்தில் தருவதையும், நிர்வாகக் கடவுச்சொல்லையும் வழங்கிய அட்டைகளின் முழுப் பட்டியலையும் சங்கத்திடம் ஒப்படைப்பதையும் வீட்டுவசதித் துறை கட்டாயமாக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அதுவரை, வீடு காலி செய்தவர்களின் அட்டைகளையும் தொலைந்த அட்டைகளையும் கணினியிலிருந்து அன்றே நீக்கும் பொறுப்பைச் சங்கங்கள் ஒருவரிடம் பெயர் குறித்து ஒப்படைக்கட்டும்.

இப்படிக்கு,
குடியிருப்போர் சங்க உறுப்பினர் ஒருவர்,
சென்னை.